பெரட்டுக்கு ஒரு செல்வராணி, காலேஜுக்கு ஒரு செல்வராணி

1

குன்னூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்து, போன திங்கட்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. யாரும் மாலை போடவில்லை. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நானே ஒரு வர்க்கி வாங்கி, டீயில் தோய்த்துத் தின்று, விழாவை முடித்துக்கொண்டேன். வர்க்கி என்றால் அங்கே இலங்கையில் உங்களுக்குத் தெரியாது. மொறுமொறுப்பாக அடுக்கடுக்காக இருக்கும். கடித்தால் பாதி வாய்க்குள், பாதி சேலை மேல். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ரொம்பப் பெருமை. நம் ஊர்ப் பாண் ரொட்டிக்கு முன்னால் இது நிற்காது என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், எவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்றைக்கு வகுப்பில் ஒரு சங்கதி நடந்தது. எங்கள் பாடத்தில் இப்போது புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். இந்தக் காலத்து ஆங்கில நாவல்களை எடுத்துக்கொண்டு, அதில் வருகிற பெண் யார், அவளை இன்னார் என்று சொல்வது யார், அவளுடைய பழக்கவழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டும். பெண்மை, அடையாளம், பண்பாடு என்று கரும்பலகையில் மூன்று சொல்லை எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். அன்றைக்கு எடுத்த நாவலில் ஒரு பெண் கப்பலேறி வேற்று நாட்டுக்கு வேலைக்குப் போகிறாள். எஜமானி அம்மாளுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை, வேறு பெயர் வைத்துவிடுகிறாள். அந்தப் பெயரிலேயே வாழ்ந்து, கடைசியில் தான் யார் என்று தெரியாமல் தவிக்கிறாள்.

முன் பெஞ்சில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று இருக்கிறது, கெட்டிக்காரி. எழுந்து நின்று கேட்டாள்:

"ஏனுங்க மிஸ், பேர மாத்தி வெச்சுட்டா ஆளே மாறிப் போயிருவாங்களா? எங்க சித்திக்குக் கல்யாணத்துல பேர மாத்திட்டாங்க. அவங்க அப்படியேதானுங்க இருக்கறாங்க."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. என் குறிப்பிலேயே இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் குறிப்பை மூடினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு என் கதையைச் சொல்ல முடியாது, சொன்னாலும் புரியாது. உங்களுக்குப் புரியும். உங்கள் பத்திரிகை ஆசிரியரும் இந்தியா வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று நெடுநாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார். சரி, எழுதுகிறேன்.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. குடும்ப அட்டையில் அப்பா, அம்மா, நான் மட்டும்தான். அக்கா பாக்கியம் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் புருஷன் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தான், அதனால் அவளும் இலங்கை. ஒரே லயத்து வரிசை வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு இந்த நாடு, ஒருத்திக்கு அந்த நாடு. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அவள் எனக்கு முன்னால் கழுத்தை நீட்டினாள், அவ்வளவுதான்.

கப்பல், மண்டபம் முகாம், ரயில், பஸ் என்று வந்து கடைசியில் நடுவட்டத்துக்குக் கீழே, அரசாங்கம் புதிதாகப் போட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். குளிர், அட்டை, கொழுந்து எல்லாம் அதேதான். கண்ணை மூடிக்கொண்டால் அட்டன். திறந்தால்தான் கஷ்டம். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்த அன்றைக்கே சிலோன்காரங்க ஆகிவிட்டோம். அப்பா கடையில் போய்ப் பாண் கேட்டார். கடைக்காரர் வெற்றிலையை மடித்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து, இந்த ஊரில் பாண் பச்சையாகத்தான் இருக்கும்போல என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்போதே இந்த ஊர்மேல் கோபமாக இருந்தாள்.

இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். வீடு வேண்டுமானால் வீட்டிலிருந்து இரண்டு பேர் செக்ரோலில், வேலையாள் பதிவேட்டில், பெயர் பதிந்திருக்க வேண்டும். ஒரு பெயர் விழுந்துவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். முதலில் அப்பாவும் அம்மாவும் பதிந்தார்கள். குளிர் அப்பாவின் நெஞ்சில் இறங்கியது. இருமி இருமி எலும்பாகிப் போனார். அவர் இடத்தில் என் பெயரைப் பதிந்தார்கள். அட்டனில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாட்டு ஒப்பித்த நான், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினேன். என் கைக்குக் கொழுந்து வரவேயில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் பரிதாபப்பட்டு ஆளுக்கொரு பிடி என் கூடையில் போடுவார்கள்.

3

அப்பா முடியாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு அக்கா கப்பலேறி வந்தாள். பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற விசாதான். அவள் வந்து கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து அவள் கிளம்ப வேண்டிய சமயத்தில், அங்கே அவள் குடியிருந்த காம்பராவில் அவள் புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று சேதி வந்தது. அக்கா அழவில்லை. கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, துணிகளை மறுபடியும் கொடியில் போட்டாள். விசா முடிந்தது. துணிகள் கொடியிலேயே கிடந்தன.

அதே சமயத்தில்தான் எனக்கு ஊட்டியில் காலேஜில் இடம் கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு என்று ஒதுக்கிய இடம். நான் போனால் செக்ரோலில் ஒரு பெயர் விழும், வீடு போகும். போகாவிட்டால் படிப்பு போகும். அம்மாதான் வழி சொன்னாள். உங்களுக்கு அது வழி என்றே தோன்றாது, அவ்வளவு சாதாரணம். அங்கே பிள்ளைத்தாய்ச்சிக்கு முடியவில்லை என்றால் அவள் தங்கச்சி பெரட்டுக்குப் போய் நிற்பாள். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் மச்சாள் போவாள். கூப்பிடுகிற பெயருக்கு யாராவது ஒரு குரல் கொடுத்தால் சரி. கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும், கொழுந்து வந்து சேர்ந்தால் எவரும் மூச்சு விடமாட்டார்கள். இங்கே காலையில் ஆள் எடுப்பதை மஸ்டர் என்கிறார்கள். பெயர்தான் வேறு, பெரட்டு பெரட்டுதான் என்று நினைத்துக்கொண்டோம்.

"பேருதான் வேல செய்யிது. கை யாரு கையா இருந்தா அவனுகளுக்கு என்னா?" என்றாள் அம்மா.

அக்கா மறுநாளே என் கூடையை எடுத்துக்கொண்டாள். எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கப்பலில் வந்தவர்கள், கங்காணி உட்பட. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து மலையில் அவளை எல்லாரும் என் பெயரால், செல்வராணி என்றே கூப்பிட்டார்கள். மேலே இருக்கும் ஆபீஸ்காரர் காதில் தப்பித் தவறிக்கூட வேறு பெயர் விழக்கூடாது அல்லவா? விழாமல் பார்த்துக்கொள்ள, வீட்டிலும் அதே பெயரைப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. செல்வராணிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அக்காவோ கழுத்தில் தாலியோடு இருந்தாள். அம்மா அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தாள். அக்கா தானே கழற்றி, ஒரு துணியில் முடிந்து, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள். வேர்வைக்கு அரித்துக்கொண்டே கிடந்தது, விட்டது தொல்லை என்றாள். ஓர் ஆம்பிளை வேறொருவன் பெயரில் வேலைக்குப் போனால் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பெண் என்றால் கழுத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. பின்னால் எம்.ஏ. படிக்கும்போது பெண்ணும் அடையாளமும் என்று கட்டுக்கட்டாக எழுதித் தள்ளினேன். இந்த ஒரு வரியை நான் எங்கேயும் எழுதவில்லை.

பரீட்சை முடிகிறவரைக்கும்தான் என்று தொடங்கினோம். பி.ஏ. முடிந்தது, எம்.ஏ. வந்தது. நான் ஹாஸ்டலில் இருந்தேன். காலையில் நடுவட்டத்து மலையில் ஒருத்தி செல்வராணி என்றதும் கூடையோடு முன்னால் வருவாள்; அப்புறம் ஊட்டியில் இன்னொருத்தி அதே பெயருக்கு எழுந்து நின்று எஸ் மேடம் என்பாள். இரண்டு இடத்திலும் ஒருநாள்கூட ஆப்சென்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

4

எம்.ஏ.யில் எங்களுக்கு மைதிலி மேடம் வந்தார். மெட்ராஸ்காரர், சின்ன வயசு, குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்பெடுப்பார். அதுவரை எங்களுக்கு நாவல் என்றால் கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, முடிந்தது. அவர்தான் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தார். இவள் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யார் முடிவு செய்தது, இவள் பேசாத இடங்களில் என்ன நினைத்திருப்பாள் என்றெல்லாம் கேட்பார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கேயோ பனியில் நடக்கும் வெள்ளைக்காரிக்காக ஹாஸ்டல் குளியலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும் அக்கா, என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் எவடி அழுதா?"

அந்த வாரம் படித்த நாவலைச் சொல்வேன். புருஷன் சரியில்லை என்று வீட்டை விட்டு ரயிலேறிப் போன வெள்ளைக்காரி, குழந்தை வேண்டாம் என்றவள், கறுப்பாக இருக்கிறோமே என்று கண்ணாடியைத் திருப்பி வைத்தவள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மலையில் போய் அவிழ்த்துவிடுவாள். சும்மாவும் அவிழ்க்கமாட்டாள், அவள் வாயில் எல்லாரும் மறுகல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, அந்த ரயிலேறிப் போன தொரைச்சிக்குப் பிரசவம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அந்த நாவலில் பிரசவமே கிடையாது. மைதிலி மேடத்துக்குத் தெரிந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அந்தத் தொரைச்சியைப் பற்றி அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். கோபித்துக்கொண்டு போக அவளுக்கு ஓர் ஊர் இருந்தது, போனாள், அதற்குப் போய் ஏன் இவ்வளவு அழுகை என்றாள். நான் அதை ஆண் ஆதிக்கம், தனித்துவம் என்று விளக்கப் புறப்பட்டேன். அவள் கொட்டாவி விட்டாள். அப்புறம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொண்டாள். என் வயசுக்கு வந்துவிட்டதாக அவளுக்கு உள்ளூர ஒரு நினைப்பு, நடையே மாறிப்போயிருந்தது.

எனக்கும் மாறியிருந்தது, நாக்கு. சொல்லுங்க, வாங்க என்று அக்காவிடமே பேசிவிடுவேன். வீட்டை ஊடு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வரிசைச் சின்னப் பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. அறையைக் காம்பரா, திண்ணையை இஸ்தோப்பு என்று வீட்டில் யாராவது சொன்னால் வெட்கப்பட்டன. இதுகளும் பேரை மாத்திக்கிட்டுத் திரியுதுக என்று அம்மா முணுமுணுப்பாள்.

5

கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டு கூடலூரிலிருந்து மாதவன் என்று ஒருவர் வருவார். மனைவி இறந்துபோனவர். பாதி மலையாளம், பாதி தமிழ். நிறுவைக்கு நிற்கும் பெண்களில் அக்காவிடம் மட்டும் ஏதாவது ஒரு பேச்சுக் கொடுப்பார். எந்தா செல்வராணி, இன்னிக்கு கொழுந்து கம்மியோ என்பார். இவளும் சும்மா இருக்கமாட்டாள், லாரியில் ஏற்றுகிறவர் கண்ணுக்குக் கம்மியாகத்தான் தெரியும் என்பாள். மற்றப் பெண்கள் இருமுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் தன் சேச்சியைக் கூட்டிக்கொண்டு முறையாகப் பெண் கேட்டு வந்துவிட்டார். செல்வராணியைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று அந்த அம்மாள் சொன்னதும், பழக்க தோஷத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, இவ சின்னவ, பாக்கியம், ஊட்டியில் படிக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தாள். சாயங்காலம்வரை நான் அக்காவின் பெயரில் உட்கார்ந்து டீ குடித்தேன். என்னவோபோல் இருந்தது. மற்றவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல எங்கேயோ கடித்தது. இவள் இத்தனை காலமாக இதில்தான் நடக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு முதல்முதலாக உறைத்தது.

அவர்கள் போனபின், உண்மையைச் சொல்லிவிடு என்று அக்காவிடம் கெஞ்சினேன். நல்ல மனுஷராகத் தெரிகிறார், புரிந்துகொள்வார் என்றேன்.

"சொல்லிட்டா, அவருக்குப் புடிச்சது நானா ஒம் பேரான்னு எனக்குத் தெரிஞ்சு போயிருமேடி. கொஞ்ச நாளைக்குத் தெரியாமயே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாசியில் எனக்குக் குன்னூர்க் கல்லூரி வேலை வந்தது. அம்மா உட்கார்ந்து திட்டம் போட்டாள். சித்திரையில் கல்யாணம் முடிந்ததும், கல்யாணமாகிப் போகிறேன் என்று சொல்லி செல்வராணி தோட்டத்திலிருந்து பெயரை எடுத்துக்கொள்வாள். கல்லூரி திறக்கிறபோது செல்வராணி குன்னூரில் வேலைக்குச் சேர்வாள். அம்மா என்னோடு வந்துவிடுவாள், வீடு போனால் போகட்டும். அக்கா கூடலூரில் குடியும் குடித்தனமுமாக இருப்பாள். எல்லாம் கணக்காகப் பொருந்தியது. ஒரு பெயரை ஒருத்தி கழற்றி வைக்க, மற்றவள் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. எத்தனையோ நாவலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட எனக்கும் இதில் ஓட்டை தெரியவில்லை. அங்கே நடக்கும் என்றால் இங்கேயும் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

6

வேலைக்குச் சேருமுன் என் தாயகம் திரும்பியவர் சான்றிதழைச் சரிபார்க்க ஊட்டியிலிருந்து ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டில் இருங்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பியிருந்ததால் நானும் வந்திருந்தேன். மனுஷர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ஒன்றுமில்லை. வருகிற வழியில் தோட்டத்து ஆபீசில் விசாரித்திருக்கிறார். அங்கே அவர்கள் செக்ரோலைக் காட்டியிருக்கிறார்கள். மஸ்டர் எடுக்கும் நேரம். எங்கள் எல்லாரையும் அங்கேயே வரச் சொன்னார்.

பனி விலகவில்லை. பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அக்கா நடுவில் நின்றாள். காலிச் சாக்கை இறக்க வந்த லாரி ஓரமாக நின்றது. மாதவன் கதவில் சாய்ந்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை, உருட்டவில்லை. கோயம்புத்தூர் மரியாதையோடுதான் கேட்டார்:

"ஏனுங்க, இங்க செல்வராணிங்கறது யாருங்க? ஒரு செல்வராணி கொழுந்து பறிக்கறாங்க. ஒரு செல்வராணி காலேஜுல பாடம் எடுக்கப் போறாங்க. ரெண்டு பேருக்கும் அப்பா பேரும் ஒண்ணா இருக்குதுங்க."

கங்காணி தரையைப் பார்த்தார். அம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் என்று சொன்னால் எனக்கு வேலை இருக்கிறது, அக்காவுக்கு மறுநாள் முதல் இந்த நாட்டில் நிற்க ஓர் அடி இடம் இல்லை. அவள்தான் என்று சொன்னால் அவளுக்குக் கல்யாணம் இருக்கிறது, நான் படித்த படிப்பு முழுக்க எவளோ ஒருத்தி படித்ததாகிவிடும். நான் வாயைத் திறந்தேன். திறந்தது ஞாபகம் இருக்கிறது. என்ன சொல்லப் போனேன் என்பது ஆண்டவன் சத்தியமாக எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குள் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"இவதாங்க செல்வராணி. நா இவ அக்கா, பேரு பாக்கியம். அப்பாவப் பாக்க சிலோன்லருந்து வந்தவ. இவ படிக்கப் போன நேரத்துல இவ பேருல நாந்தான் வந்து நின்னேன். இவளுக்கு ஒன்னும் தெரியாதுங்க."

கடைசியாகச் சொன்னது பொய். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்துதான் இருக்கும். அவர் எழுதிக்கொண்டார். அந்த மனுஷரைக் குறை சொல்ல முடியாது. பெரியவள் தானாகப் போலீசில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டால் வழக்கு ஏதும் வராது என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாதவன் மெதுவாக நடந்து வந்தார். அக்காவிடம், அப்போ உன்டெ பேரு பாக்கியமோ என்றார். ஆமாம் என்றாள். வீட்டுக்காரர் உண்டா என்றார். உண்டு, அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறார் என்றாள். அவர் லாரிப் பக்கம் திரும்பினார்.

"பேரு பொய்யானது போட்டே, சாரமில்ல. ஆனா கெட்டிய ஆளு உயிரோட உண்டல்லே" என்றார்.

அதன்பிறகு எங்கள் தோட்டத்துக்கு வேறொரு டிரைவர் வந்தார். மாதவன் நல்லவர்தான். நல்லவர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அக்கா புருஷன் அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், அவனை ஒருவரும் உன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. இவள் கழுத்தில் தாலியே இல்லாமல் இத்தனை காலம் உழைத்தவள், இவளைக் கேட்கிறார்கள். நான் தப்புச் செய்தேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்தால் எழுதமாட்டேன். என் பெயர் என்னுடையதுதான். ஆனால் அதை நான் வாங்கிக்கொண்டபோது அவளிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்த வருத்தத்தை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

7

ராமேஸ்வரம்வரை நான்தான் கூடப் போனேன். அம்மா வரவில்லை. மதுரை தாண்டியதும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, துணி முடிச்சை அவிழ்த்து, அந்தத் தாலியைக் கழுத்தில் போட்டாள். பாஸ்போர்ட்டில் இன்னாரின் மனைவி என்று இருக்கிறதே, போடாமல் போனால் அதற்கும் கேள்வி வரும் என்றாள். எம்.ஏ.யில் அதற்குப் பாடம் இல்லை.

துறைமுகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாக்கியம் என்று கூப்பிட்டார். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கூப்பிட்டார். பின்னால் இருந்தவர்கள் யார் அது என்று முணுமுணுத்தார்கள். நான் அவள் தோளைத் தொட்டேன். அக்கா, உன்னைத்தான் என்றேன். அவள் திடுக்கிட்டு மேசைக்கு ஓடினாள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சிறுவயதிலேயே கொழுந்துக்குப் போனவள், அவளுக்கு எழுதத் தெரியாது. சம்பள நாளில் போடுவதற்காக நான் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு கையெழுத்துதான் தெரியும். பேனாவை வாங்கிக் குனிந்தாள். "செ" என்று எழுதினாள். கை நின்றுவிட்டது. அதிகாரி எரிச்சலோடு அதை அடித்துவிட்டு, அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினார்.

வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். அக்கா விரல் மையைச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஒம் பேரு ரொம்ப நாளு எங்கிட்ட இருந்துச்சு. அழுக்காக்காமத்தாண்டி வச்சிருந்தேன்" என்றாள். அப்படியே போய்விட்டாள்.

இப்போது அவள் உங்கள் பக்கத்தில்தான், எங்கள் சின்னம்மா வீட்டோடு இருக்கிறாள். லயத்தின் பெயரை நான் எழுத விரும்பவில்லை. போன மாதம் அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார், பாக்கியத்துக்கு இந்தியா போய் வந்தபின் திமிர் ஏறிவிட்டதாம். பெரட்டில் கூப்பிட்டால் குரல் கொடுப்பதில்லையாம், ரோட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் திமிர் கிடையாதுங்க. ஒருதடவை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் போய், இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.